கரைக்கொடை: புதுக்கோட்டைக் கடலோரப் பாதுகாப்பில் முதலும் வட்டியும்

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஏறத்தாழ 42 கி.மீ. நீளமுடையது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனப் பாக் விரிகுடாவை ஒட்டிச் செல்லும் இக்கரையில் ஆழம் குறைவு. கடலடியில் கடற்புல்லும், முத்துக்குடா போன்ற இடங்களில் அலையாத்தியும் வளர்கின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கி.மீ. கடற்பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அறிவிப்பது ஒருநாள் வேலை. காப்பது ஆண்டுதோறும் நடக்கவேண்டியது. அதற்கு நன்கொடை எவ்வடிவில் உதவும் என்பதே கேள்வி.

பிரிட்டனில் 1895இல் தோன்றிய தேசிய அறக்கட்டளை, 1965இல் நெப்டியூன் என்ற பெயரில் நிதி திரட்டிக் கடற்கரை நிலங்களை விலைக்கு வாங்கத் தொடங்கியது. அந்த வழி இங்கே பொருந்தாது. அலை ஏறி இறங்கும் நிலம் அரசுப் புறம்போக்கு, விற்பனைக்குரியதன்று. அதை ஒட்டிய மேட்டில் வலை உலர்கிறது, கருவாடு காய்கிறது, படகு ஏற்றப்படுகிறது. காப்பதற்கென்று எவரேனும் அதை வாங்கி வேலியிட்டால் முதலில் வெளியேறுவது மீனவரே. ஆகவே இங்கே கொடைப்பணம் வாங்கத்தக்கது நிலத்தையல்ல, உழைப்பை.

எந்த உழைப்பை என்பதில்தான் பிழை நேர்கிறது. தமிழகக் கடலோரத்தில் அலையாத்தி நடும் முறை தெரிந்ததே: தரிசான உவர்நிலத்தில் மீன்முள் வடிவில் ஒரு பெருவாய்க்காலும் கிளைவாய்க்கால்களும் வெட்டி, ஏற்றநீர் உள்ளே வந்து வடியும்படி செய்து, கரைச்சரிவில் கன்று வைப்பார்கள். சில பருவங்களில் வண்டல் படிந்து வாய் அடைபட்டால் நீர் தேங்கி உப்பேறும், கன்று கருகும். கொடையாளர் கேட்பதோ எத்தனை கன்று என்ற கணக்கு. தூர்வாரிய வாய்க்காலை யார் படமெடுத்துப் போடுகிறார்கள்? கடற்புல்லும் அப்படித்தான். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு பின்னி, அதில் புல்தண்டுகளைக் கட்டிக் கடலடியில் பதிக்கும் முறை பாக் விரிகுடாவில் கையாளப்பட்டுள்ளது. மூங்கிலும் கயிறும் மட்கிப்போகும், புல் வேரூன்றும். ஆனால் இழுவை மடி ஒருமுறை உழுதால் சட்டமும் போகும், புல்லும் போகும். பதித்தபின் காவல் வேண்டும்.

இதற்கான கொடைமுறை தமிழகத்துக்குப் புதிதன்று. சோழர்காலக் கல்வெட்டுகளின்படி ஏரிப்பட்டி என நிலமும், ஏரி தூர்வாரப் பொன்னும் கொடுக்கப்பட்டன. பொன்னை ஊரோ சபையோ முதலாக ஏற்று, அதன் பலிசையில், அதாவது வட்டியில், ஆண்டுதோறும் குழிதோண்டி மண்ணெடுப்பித்தது. முதல் அழியாது, வேலை நிற்காது. கீரமங்கலம் அருகே குளமங்கலம் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு வேறு வகை: வில்லுனி ஆற்றங்கரையில் பெரிய குதிரைச் சிலைக்கு மாசிமகத்தில் காகிதப்பூ மாலை சாத்தப்படுகிறது, கோயிலின் காடு என்பதால் மரத்தில் அரிவாள் விழுவதில்லை. அதைப் பிழைக்கவைத்தது நிதியல்ல, நேர்ச்சை. கடலடிப் புல்லுக்கு அப்படியொரு தெய்வக்காவல் இல்லை.

இன்றைய சட்டம் இத்தகைய முதல்நிதிக்குப் பாதி கதவையே திறக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி குறித்த வரம்பை எட்டிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். ஆனால் 2021 ஜனவரித் திருத்தத்துக்குப்பின் ஓர் அமைப்பின் முதல்நிதிக்கு அதிலிருந்து தரமுடியாது. தொடர்திட்டமும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுக்குள் முடியவேண்டும். அலையாத்தி வேர்பிடித்துக் காடாகும்முன்பே பணம் நின்றுவிடும். தனிநபர் கொடைக்கு இந்தத் தடை இல்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் இக்கரை மக்கள், இந்தியக் குடியுரிமை இருக்கும்வரை, தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து தருவது வெளிநாட்டு நிதியாகாது. எனவே வாய்க்கால் வெட்டவும் கன்று நடவும் நிறுவனப் பணம், தூர்வாரவும் காவலுக்கும் ஊரார் கொடையில் ஒரு முதல்நிதி எனப் பிரித்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றது.