யாருடைய மானம்?

திருச்சிப் பக்கம் எங்கள் குலசாமி மதுரைவீரன். "நம்ம புள்ளைடா, நாயக்கர் பொண்ணைக் கூட்டியாந்தவன்" என்பாள் அம்மாயி. அருந்ததியர் வீட்டில் வளர்ந்த வீரன் பொம்மியோடு போகிறான். தகப்பன் பொம்மண நாயக்கன் படை திரட்டித் துரத்துகிறான் என்கிறது கதைப்பாடல். பின்னால் மதுரையில், அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளைக் கவர வந்தான் என்று மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். செத்த பிறகு சாமி.

காவிரிக்கு அக்கரையில், திருவரங்கம் கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் இருக்கிறாள். அரங்கன்மேல் காதலாகி வந்த சுல்தான் மகள் என்பது ஐதிகம். அவளுக்காக ரொட்டி படைக்கிறார்கள். வேற்று மதத்துப் பெண்ணைச் சேர்த்ததில் பெருமாளுக்கு மானம் போகவில்லை.

அப்ப மானம் எங்கே இருக்கு? பெண் யாரிடம் போகிறாள் என்பதில்தான். மேலே போனால் பக்தி, கீழே வந்தால் அவமானம். வீரனைச் சாமியாக்கியும் கூச்சம் தீரவில்லை. காசி ராஜா மகன் என்று பிறப்பையே திருத்தினார்கள். 1956இல் வந்த படத்திலும் அவன் ராஜா பிள்ளைதான்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி மீறி மணந்த தலித் இளைஞர் சங்கரை மனைவியின் கண்ணெதிரே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பெயர் 'கௌரவக் கொலை'யாம். சாதிக் கொலை என்று சொல்லுங்கள். எங்களுக்கு இன்னொரு சாமி வேண்டாம். புள்ளைங்க உசிரோட வேணும்.