அசையாப் பொருள் ஒளிப்படக்கலை, சென்னையில்

பழம், பாத்திரம், மலர், சிலை போன்ற அசையாப் பொருள்களை அடுக்கி, ஒளியமைத்துப் படமெடுப்பது அசையாப் பொருள் ஒளிப்படக்கலை. ஸ்டுடியோ வழக்கில் இதற்கு ‘ஸ்டில் லைஃப்’ என்று பெயர். ஒளிப்படக்கலை பிறந்தபோதே பிறந்த வகை இது. அன்றைய தகடுகளுக்கு நெடுநேர ஒளி தேவைப்பட்டதால் ஆடாமல் இருக்கும் பொருளே முதலில் வசப்பட்டது. பிரான்சின் டாகுவேர் 1837இல் சிற்ப வார்ப்புகளை அடுக்கிப் படமெடுத்தார். இங்கிலாந்தின் டால்பட் 1844இல் வெளியிடத் தொடங்கிய நூலில் அலமாரியில் வரிசையாக வைத்த பீங்கான் கலங்கள் உண்டு.

சென்னையில் இக்கலைக்கு வித்திட்டவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். யானைக்கவுனிக்குக் கிழக்கே, ஜார்ஜ் டவுனின் பிராட்வேயில் 1850இல் அவர் தொடங்கிய ஓவியப் பள்ளியே பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாயிற்று. 1857இல் தோன்றிய மதராஸ் ஒளிப்படச் சங்கத்துக்கும் அவரே முன்னோடி. அவ்வாண்டு அரசின் ஒளிப்படக்காரராகப் பணியேற்ற லின்னேயஸ் டிரைப், கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்ததற்காகவே இன்று பேசப்படுகிறார். ஆனால் 1858இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவர் எடுத்த அமராவதிச் சிற்பப் படங்களே அசையாப் பொருள் கலைக்குச் சென்னையின் தலையாய கொடை. 1845இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் அமராவதியில் அகழ்ந்தெடுத்த அச்சிற்பப் பலகைகள் 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னையில் அவை இருந்த கோலம் அப்படங்களில் நிலைத்திருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் மேலோட்டமாகச் செதுக்கிய உருவங்கள் துலங்க, வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். பொருளை அறிந்து ஒளியைத் தேர்வதே இக்கலை என்பதால், டிரைப்பின் படங்களை வெறும் ஆவணமாக ஒதுக்குவது பொருந்தாது. செலவு மிகுதி என்று ஆளுநர் டிரெவெல்யன் டிரைப்பின் பணியை முடித்துவைத்தது பெரும் இழப்பு.

பின்னாளில் ஃபிலிம் வந்தபோது, இந்திய ஃபிலிமுக்கு உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தாயகமாக இருந்தது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையின் ‘இந்து’ தாளும் சுருளும் தமிழகமெங்கும் ஸ்டுடியோக்களில் புழங்கின.

வீட்டு ஸ்டுடியோவுக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. யானைக்கவுனி, சவுகார்பேட்டைப் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் வாசல்பக்கமும் முற்றமுமே வெளிச்சத்துக்கு வழி. ஒரே திசையிலிருந்து வரும் அந்த வெளிச்சம் இவ்வேலைக்கு வாய்ப்பானது. எதிர்ப்புறம் ஒரு தெர்மகோல் பலகையை நிறுத்தினால் நிழல் இளகும். பித்தளைக் குத்துவிளக்கு அறை முழுவதையும் தன்மேல் பிரதிபலிக்கும். வெள்ளை வேட்டியை விளக்கைச் சுற்றிக் கூடாரமாகக் கட்டினால் அந்தப் பிரதிபலிப்பு அடங்கும். கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பு மிளகாயும் பச்சை மிளகாயும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழக்கூடும். லென்சில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும்.

ஃபிலிமில் படம் உடனே தெரியாததால், சோதனை செய்பவர் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் குறித்துக்கொள்வது முறை. அருகில் எடுக்கும்போது கணக்கு மாறும். பொருளின் முழு அளவிலேயே பிம்பம் விழுந்தால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். தனி ஒளிமானி 2.5 வினாடி காட்டினால் 10 வினாடி. நெடுநேர ஒளியில் ஃபிலிமின் உணர்வு மந்தமாவதால், இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் சுருளில் அந்தப் பத்தும் சுமார் 18 வினாடியாகும்.

எடுத்த சுருளைக் கழுவும் வேலையில்தான் சென்னை வெயில் குறுக்கிடுகிறது. டி-76 போன்ற டெவலப்பர்களுக்குப் பொது அளவு 20 டிகிரி செல்சியஸ். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பர் விரைந்து வேலை செய்யும், ஜெலட்டின் படலம் இளகும். ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் பாட்டில்களை நிறுத்தி, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவருவதே தீர்வு. திடீர் வெப்பமாற்றத்தில் படலம் சுருங்கி வெடிப்பு விழும். துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளின் ஈரக்காற்று லென்சில் பூஞ்சை பிடிக்கச் செய்வதால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா கட்டாயம்.

உதகை ஆலை மூடப்பட்டபின் சுருள்கள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. கழுவிய நெகட்டிவை ஸ்கேன் செய்துகொள்வது இன்றைய வழக்கம்.