நிலைத்த சொற்களும் நிலைக்காத சொற்களும்

அரபியின் ‘ஸலாத்’தை நம் முன்னோர் ‘தொழுகை’ என்றனர், ‘ஸவ்ம்’ நோன்பாயிற்று. பழவேற்காட்டு ஏரியோரம் பசியாவரத்தில் வாழும் மீனவச் சகோதரரிடம் ‘நோன்புக் கஞ்சி’ என்று சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார்.

‘பள்ளிவாசல்’ இவற்றினும் வியப்புக்குரியது. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்திற்குப் ‘பள்ளி’ என்பது பழம்பெயர். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் திருப்புல்லாணிக் கல்வெட்டோ முஸ்லிம்களின் வணக்கத்தலத்தைச் ‘சோனகச் சாமந்தப் பள்ளி’ என்கிறது. சோனகர் என்பது அந்நாளில் நம்மவர்க்கு வழங்கிய பெயர். மக்கள் நாவில் முன்பே பழகிய சொல் புதுப்பொருள் ஏற்றது, ஆகவே நிலைத்தது.

‘ஜகாத்’துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ஆக்கிய ‘ஏழைவரி’ அவ்வாறு பேச்சில் ஏறவில்லை. வரி, அரசுக்குச் செலுத்துவது, ஜகாத்தோ வணக்கம். அதனைப் பெறுவோரும் ஏழைகள் மட்டுமல்லர். கடன்பட்டோர், வழிப்போக்கர் உள்ளிட்ட எட்டு வகையினர் எனத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் அறிவிக்கிறது. கடனில் மூழ்கிய சிறு வணிகர் ‘ஏழைவரி’ என்று கேட்டால், தமக்குரியதன்று என ஒதுங்கிவிடுவாரே! பெயர் சுருங்கினால் உரிமையும் சுருங்கும்.

‘ஒளு’வுக்கு எழுதப்பட்ட ‘அங்கசுத்தி’யும் ஏட்டோடு நின்றது. அரபியை நீக்கி வடமொழியைக் கொணர்ந்ததால் யாருக்கு எளிதாயிற்று?

உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய சீறாப்புராணத்தில் குர்ஆனுக்கு ‘மறை’யும் உண்டு, ‘புறுக்கா’னும் உண்டு. ‘தீன்’ என்பதை அவர் தீனாகவே வைத்தார். அச்சொல் இன்றும் நம் வீடுகளில் வழங்குகிறது.