குடிநீரில் டிரைட்டியம்: அறிய வேண்டியவை

ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றின் கருவிலும் ஒரு புரோட்டான் உண்டு. நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டுமே மாறுபடும். நியூட்ரான் இல்லாதது புரோட்டியம். ஒன்று உள்ளது டியூட்டீரியம். இரண்டு உள்ளது டிரைட்டியம். முதலிரண்டும் நிலையானவை. தாங்கள் பருகும் நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியமாகும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை.

டிரைட்டியம் கதிரியக்கம் உடையது. அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். அது வெளியிடும் பீட்டா கதிர் மிக வலுக்குறைந்தது, தோலை ஊடுருவாது. எனவே உடலுக்குள் சென்றால் மட்டுமே கருத்தில் கொள்ளத்தக்கது.

கல்பாக்கமும் குருவிநத்தமும்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் கனநீரைப் பயன்படுத்துபவை. கனநீரிலுள்ள டியூட்டீரியம் ஒரு நியூட்ரானை ஏற்கும்போது டிரைட்டியம் உருவாகிறது. இத்தகைய உலைகளில் பணிபுரிவோரின் சிறுநீர் இதற்காகவே பரிசோதிக்கப்படுகிறது. 1999 மார்ச்சில் இரண்டாம் உலையில் கனநீர் கசிந்தது முதல் இவ்வையம் மக்களிடையே எழுவது இயல்பே. ஆனால் குருவிநத்தம் அங்கிருந்து நேர்க்கோட்டில் 90 கி.மீ.க்கு மேல் உள்ளது. இவ்வூர் நிலத்தடி நீர் மழையாலும், தென்பெண்ணையாற்றாலும், பாகூர்ப் பகுதியின் ஏரி, வாய்க்கால்களாலும் ஊறுவது.

மழைநீரிலும் டிரைட்டியம் சிறிதளவு உண்டு. வளிமண்டலத்தில் அண்டக்கதிர்களால் அது இயல்பாகவே உருவாகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். அந்த அளவுள்ள நீரை நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் ஓராண்டு பருகினாலும் பெறப்படும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.13 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்.

காய்ச்சினால் நீங்குமா?

நீங்காது. டிரைட்டியம் நீரில் கரைந்த உப்பு அன்று. நீர் மூலக்கூறின் உறுப்பாகவே அமைவது. ஆகவே எதிர்சவ்வூடு பரவல் கருவியும் புற ஊதாக் கருவியும் அதனைப் பிரிக்கா. 'கதிரியக்கத்தை நீக்கும்' என்று கூறி விற்கப்படும் வீட்டுக் கருவிகளுக்காகப் பணம் செலவிட வேண்டா. உடல் அதனை நீராகவே வெளியேற்றிவிடுகிறது. உட்சென்றதில் பாதி ஏறத்தாழ 10 நாட்களில் சிறுநீர், வியர்வை வழியே நீங்கும்.

தங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிக்கும்போது உவர்ப்பு, நைட்ரேட், புளூரைடு, நோய்க்கிருமிகள் ஆகியவற்றுக்கு முதலிடம் அளிக்கவும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீடுகளில் நைட்ரேட் அளவை அறிந்துகொள்வது மிக அவசியம். காய்ச்சினால் அதுவும் குறையாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும்.