மாங்குளத்தில் இருந்து ஊருக்கு, சைக்கிளில்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் மாங்குளத்தில் இருந்து நீராவிப்பிட்டிக்குச் சைக்கிளில் வந்தோம். முதல்நாள் பின்னேரமே தெரிந்த ஒருவரின் பட்டா வாகனத்தில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய், மாங்குளத்தில் நண்பர் வீட்டில் தங்கி, சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். ஏ34 வீதி முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பஸ்ஸில் நித்திரை கொண்டபடியே எத்தனையோ தடவை கடந்த வீதிதான்.

வெளிக்கிடும்போது முன்னால் போகிற சைக்கிளின் பின் மட்காட் கூடத் தெரியவில்லை. அவ்வளவு பனிமூட்டம். எங்களில் ஒருவர் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்தவர். மலைநாட்டுப் புகார் மேலேயிருந்து இறங்கி வரும், வன்னிப் புகார் கீழேயிருந்து எழும்பி வரும் என்றார். அது சரியான பேச்சு. மாரி மழை முடிந்து குளமும் வயலும் நிரம்பியிருக்கிற காலம். வானம் வெளித்த இரவில் நிலம் கெதியாகக் குளிரும். நிலத்தை ஒட்டி நிற்கிற ஈரக்காற்று விடியப்புறம் அப்படியே புகாராகிவிடும். மலையே இல்லாத எங்கள் ஊர், தை மாதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மலைநாடாகிவிடுகிறது.

இனி விசயத்துக்கு வருவோம். இந்தப் பயணம் சும்மா உலாத்து இல்லை. எங்களில் ஒருவரின் வாப்பா 1990 வரைக்கும் பொட்டணி வியாபாரி. சைக்கிள் கரியரில் சீலை, சாரம், சட்டைத்துணி எல்லாவற்றையும் பெரிய மூட்டையாகக் கட்டி இந்த வீதியோரக் கிராமங்களுக்குப் போய் விற்றவர். காசுக்கு வாங்குகிறவர்கள் குறைவு. காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் தருவோம் என்றுதான் வாங்குவார்கள். அந்தக் கணக்கெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் வரிசையாக: ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, முத்தையன்கட்டு. ஆட்களுக்குப் பெயர் இல்லை. ‘கிணத்தடி அக்கா’, ‘தபால்கார ஐயா வீடு’, ‘மூண்டு பெட்டையள் உள்ள தங்கச்சி’ என்று இருக்கும். வாப்பாவுக்கு விளங்கினால் போதும்தானே.

கடைசிப் பக்கங்களில் எழுத்து நெருக்கமாக இருக்கிறது. அந்த வருசத் தீபாவளி ஒக்டோபர் நடுப்பகுதியில் வந்தது. அதற்குக் கொடுத்த சீலைகள் அவை. காசு அடுத்த அறுவடைக்கு வரவேண்டும். அதே ஒக்டோபரில்தான் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவுக்காரருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட நேரம் கிடைத்தது. ஆனால் என்ன, சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. கொப்பி மட்டும் உம்மாவின் துணிப்பைக்குள் புத்தளம் போய்ச் சேர்ந்தது.

கொப்பியின் போட்டோ பிரதியை எடுத்துப் போனோம். ஆனால் வெளியே எடுப்பதில்லை என்று முதலே பேசிக்கொண்டோம். முப்பது வருசத்துக்கு மேல் கழித்துக் கடன் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் நினைக்கக்கூடாது.

கரிப்பட்டமுறிப்புத் தாண்டும்போது புகார் கலையத் தொடங்கிவிட்டது. வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் இருந்த வயதான ஐயா ஒருவர் எந்த ஊர் என்று விசாரித்தார். நீராவிப்பிட்டி என்றோம். “சைக்கிளிலை சீலை கொண்டு வாறவை உங்கடை ஆக்கள்தானே?” என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் கேட்கவேண்டி வரவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

நாங்கள் இல்லாத அந்தப் பத்தொன்பது வருசமும் வன்னி சைக்கிளில்தான் ஓடியது என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் கேட்பது வேறு. 1990 யுத்தம் தொடங்கியதோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று தடைப்பட்ட சாமான்களின் பட்டியல் நீளம். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. பிபிசி தமிழோசை நேரத்துக்கு அந்தப் பெடல் சுற்றுவதற்கு வீட்டுப் பிள்ளைகளுக்குள் முறை இருந்ததாம். விறகு, நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர், சவப்பெட்டி, எல்லாம் கரியரில். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோதும், அதில் பெருந்தொகையானோர் பிறகு வன்னிக்கு வந்தபோதும் ஒரு குடும்பத்தின் சொத்தென்று மிஞ்சியது பெரும்பாலும் ஒரு சைக்கிளும் அதில் தொங்கியதும்தான். ஐயா தன் மனைவியைப் பிள்ளைப்பேற்றுக்கு மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் சைக்கிள் கரியரில் வைத்துத்தான். மழை. வழியில் ரியூப் போய்விட்டது. ஒட்டுப்போடச் சொலூசன் இல்லை. வைக்கோலை ரயருக்குள் திணித்துக் கட்டிக்கொண்டு உருட்டினாராம். பிள்ளை இப்போது கனடாவில்.

பிறகு, “அந்தச் சீலைக்காரற்றை சைக்கிளுக்கு என்ன நடந்தது?” என்று எங்களைக் கேட்டார். விட்டுவிட்டுப் போனதுதான், வேறு தெரியாது என்றோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆரோ ஓடியிருப்பாங்கள் தம்பி. அந்த நேரத்திலை சைக்கிள் சும்மா நிண்டிருக்காது” என்றார்.

தேத்தண்ணிக் காசை அவர் வாங்கவிடவில்லை. ஆனால் அங்கிருந்து ஒட்டுசுட்டான் வரை எங்களுக்குள் சண்டை. கொட்டகலைக்காரருக்கு அந்தக் கதை ஆறுதலாக இருந்தது. எங்கள் சைக்கிள் துருப்பிடித்துப் போகாமல் யாரோ ஒரு கர்ப்பிணியைத்தான் ஏற்றியிருக்கும் என்றார். மற்றவருக்குக் கோபம். எடுத்தவன் எடுத்ததுதான், அதற்கு ஏன் அழகான கதை என்றார். இரண்டுமே எங்களுக்குச் சரியாகத்தான் பட்டது. சைக்கிள் ஓட்டிக்கொண்டு சண்டை பிடிப்பதில் ஒரு வசதி, மேட்டில் மூச்சு வாங்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும். வன்னியில் மேடு எங்கே என்று கேட்காதீர்கள். குளக்கட்டுக்கு ஏறிப்பாருங்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தாண்டி, புதுக்குடியிருப்பு வீதியில் கற்சிலைமட்டுக்குத் திரும்பினோம். வழியை விட்டு விலகல்தான். ஆனால் அந்தப் பெயர் கொப்பியிலும் இருக்கிறது, சரித்திரத்திலும் இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடம் இருந்து பிடித்தான். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அது. யானை பிடித்துத் திறை கட்டிய வன்னியர்களுக்கு அந்தக் கோட்டைமேல் தலைமுறைக் கோபம் இருந்திருக்கும். இரண்டு மாதத்தில் கப்டன் வொன் டிறிபேக்கின் படை வந்து தோற்கடித்தது. இந்த இடத்துக்குக் கிட்ட அவன் தோற்கடிக்கப்பட்டான் என்று கல்லில் வெட்டி நாட்டியது வென்ற பக்கம். கல்லில் உள்ள திகதி 1803 ஒக்டோபர் 31. யுத்தம் முடிந்த பிறகு, 2010இல், அந்தக் கல் உடைக்கப்பட்டதும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

1803 ஒக்டோபர் 31, 1990 ஒக்டோபர் 30, 1995 ஒக்டோபர் 30. இதில் ஒரு மர்மமும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் இந்த மூன்று திகதியையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவர்கள் எல்லாரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். டைனமோவில் ரேடியோ கேட்டதைச் சொன்னால் தமிழ்ப் பிள்ளையும் சிரிக்கிறது, முஸ்லிம் பிள்ளையும் சிரிக்கிறது. 1803ஐ நாங்கள் படிப்பிக்க முடிவது தோற்கடித்த பக்கம் ஒரு கல்லை நாட்டியதால். சீலைக்காரரின் கொப்பிக்கும் ஐயாவின் வைக்கோல் ரயருக்கும் கல் இல்லை. வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1990க்குப் பிறகான வன்னி தெரியாது. வன்னியில் இருந்தவர்களுக்குப் புத்தளத்து ஓலைக்கொட்டிலும் வெங்காயத்தோட்டக் கூலியும் தெரியாது. 2009க்குப் பிறகு திரும்பி வந்து பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். பேசுவதெல்லாம் காணியைப் பற்றித்தான். அது பேசவேண்டிய விசயமும்தான், ஆனால் இந்தப் பதிவில் இல்லை.

முள்ளியவளைக்கு வரும்போது வெயில் உச்சி. தண்ணீரூற்றில் முகம் கழுவி ளுஹர் தொழுதோம். பெயருக்கேற்ற ஊர், ஊற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரு சைக்கிளுக்குப் பின் ரயர் காற்றுப்போய் இரண்டு தடவை ஒட்டுப்போட்டதில் நேரம் போனதே தவிர, வேறு சொல்லும்படி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சண்டையையும் சொன்னோம். ஐயா சொன்னதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அந்த ராலியிலை டைனமோ புதுசு. அந்த வருசம்தான் போட்டனான்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது புளியங்குளம், நெடுங்கேணிப் பாதையால் வருவதாக யோசனை, பனி முடிவதற்குள். வர விரும்புகிறவர்கள் சைக்கிளோடு வாருங்கள், வயது பிரச்சினை இல்லை. இன்னொரு வேண்டுகோள்: பழைய கடன் கொப்பி, சபையில் வரி கட்டி எடுத்த சைக்கிள் தகடு, டைனமோ, சைக்கிளோடு எடுத்த படம், எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தேடிப் பாருங்கள். படம் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம்.