குண்டின் நுனியில் ஒரு வரலாறு

நான் பத்து காவானில் சிறுவனாக இருந்தபோது, தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டால் அன்றிரவு லயத்து வாசலில் வேட்டைக் கதைதான். அந்தக் கதைகளை என் மாணவர்களுக்குச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "கரடி வந்தால் எந்தக் குண்டு போடுவது, சார்?" என்று கேட்டான். சிறிய கேள்விதான். ஆனால் அதன் விடைக்குள் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதை இன்று பார்ப்போம்.

பழைய துப்பாக்கிகளில் பெரிய ஈயக் குண்டுகளைப் போட்டுச் சுட்டார்கள். 1880-களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. குண்டு சிறுத்தது, வேகம் கூடியது. அந்த வேகத்தை மெல்லிய ஈயம் தாங்கவில்லை. ஆகவே ஈயத்தின்மேல் கடினமான உலோக உறை போர்த்தினார்கள். பிரிட்டிஷ் படை 1888-இல் ஏற்ற புதிய ரைபிளும் இத்தகைய குண்டுக்கே அமைந்தது.

உறைபோட்ட குண்டு விரியாமல் உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடும். 1895-இல் இந்திய எல்லைப்புறத்தில் சித்ரால் போர் நடந்தபோது, சுடப்பட்டவர்கள் விழாமல் ஓடிவருகிறார்கள் என்று சிப்பாய்கள் முறையிட்டனர். அதன்பின் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே என்பவர் குண்டின் நுனியில் மட்டும் உறையை நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். அது உடலில் பட்டதும் மலர்ந்து பெருங்காயம் உண்டாக்கியது. பத்து காவானில் நம் முன்னோர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

1899-இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. 'நாகரிகமற்றவர்களை' நிறுத்த அது வேண்டும் என்று பிரிட்டிஷ் தரப்பு வாதாடியது! அந்தச் சொல் யாரைக் குறித்தது என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள். 1907-இல்தான் பிரிட்டன் அத்தடையை ஏற்றது.

போரில் விலக்கியது வேட்டையில் நிலைத்தது. தோல் மெல்லிய புலிக்கு மெல்நுனிக் குண்டு. எலும்பு தடித்த யானைக்கு விரியாத முழு உறைக் குண்டு. கரடியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடர்ந்த மயிர், பருத்த தசை, வலுவான தோள் எலும்பு. அதுவும் எதிரே பாய்ந்து வரும். குண்டு விரியவும் வேண்டும், உடையாமல் ஆழச் செல்லவும் வேண்டும். எனவே கனமான குண்டையே நாடினார்கள். மைசூர்ப் பகுதியில் அரசிக்கெரே அருகே பலரைக் கொன்ற கரடி ஒன்றைச் சுட்டவர் பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். அவர் வழக்கமாக எடுத்துச் சென்ற வின்செஸ்டர் ரைபிளின் குண்டு 300 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய இரண்டரைப் பவுன் எடை! பின்னர் 1940-களில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர், குண்டின் உள்ளே ஒரு தடுப்பு வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஆழச் செல்லும்.

சரி, புதருக்குள் சுடுவதற்கு எந்தக் குண்டு? கனத்த குண்டு செடிகொடிகளைக் கிழித்துக்கொண்டு நேரே போகும் என்று வேட்டைக்காரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது, கனத்ததோ இலேசானதோ, குச்சியில் பட்ட எந்தக் குண்டும் திசை மாறக்கூடும் என்று தெரிந்தது.

இதை நான் புத்தகத்தில் படிக்குமுன்பே அறிந்தவன். ஒரு தோட்டத்தில் பன்றி வேட்டைக்குப் போனவர்களில் ஒருவர், அசைந்த புதரை நோக்கிச் சுட்டார். புதருக்குள் இருந்தவர் அவருடைய கூட்டாளி. உயிர் பிழைத்தார்; ஆனால் அந்தக் கையால் பிறகு பால் வெட்ட முடியவில்லை. அவருடைய பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள்.

இன்று நம் நாட்டில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். நெஞ்சில் மஞ்சள் பிறை தாங்கிய நம் காட்டுச் சூரியக் கரடி, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் முழுப் பாதுகாப்புப் பெற்றது. ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "கரடியைக் கண்டால் ஓடாதே, அதன் வழியை மறிக்காதே, மெல்லப் பின்வாங்கு. யார் கையில் எந்தக் குண்டு இருந்தாலும், கண் தெளிவாகக் காணாததைக் கை சுடக் கூடாது."