நூறு பாடல்களின் ஸனது

பழைய பாடல்களுள் சிறந்தவற்றைத் தேர்ந்து ஒரே தொகுப்பாக வெளியிடுவது, இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்த பின்னர்த் தோன்றிய வழக்கம் என்றே பலரும் கருதுகின்றனர். அரபு இலக்கிய வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இஃது அவ்வாறன்று என்பது விளங்கும். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பக்தாதில் இப்பணி நடந்தேறியது. அதன் வழியில் எழுந்ததே 'கிதாபுல் அகானி', அதாவது 'பாடல்களின் நூல்'. இசை குறித்து மார்க்க அறிஞர் பெருமக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை வாசகர்கள் அறிவர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது அத்தீர்ப்பையன்று. ஒரு சமுதாயம் தன் பழம் பாடல்களை எவ்வாறு பேண முயன்றது, அம்முயற்சி எதுவரை சென்றது என்னும் வரலாற்றையே.

கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சி: ஹிஜ்ரி 170–193; கி.பி. 786–809) தம் அவைப் பாடகர்களான இப்ராஹீம் அல்-மவ்ஸிலீ, இஸ்மாயீல் இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகிய மூவரையும் அழைத்து, அதுவரை பாடப்பெற்றவற்றுள் நூறு பாடல்களைத் தேர்ந்தெடுக்குமாறு பணித்தார். பின்னர் அந்நூற்றுள் பத்தையும், அப்பத்தினுள் மூன்றையும் தேரச் செய்தார் என்பது அறிவிப்பு. இறுதியில் எஞ்சிய மூன்றும் எவை? ஒன்று, அபூ கத்தீஃபாவின் கவிதைக்கு மஃபத் அமைத்த இசை. மற்றொன்று, உமர் இப்னு அபீ ரபீஆவின் கவிதைக்கு இப்னு ஸுரைஜ் அமைத்தது. மூன்றாவது, நுஸைபின் கவிதைக்கு இப்னு முஹ்ரிஸ் அமைத்தது. மூன்றும் அப்பாஸியர் காலத்துக்கு முந்திய ஹிஜாஸின் செல்வங்கள். மதீனாவிலிருந்து வெளியேற்றப்பட்டு ஷாம் நாட்டில் வாழ்ந்த அபூ கத்தீஃபா, தம் ஊரின் மாளிகையையும் பேரீச்ச மரங்களையும் எண்ணி ஏங்கியதே அம்முதற் பாடலின் பொருள். செல்வத்தில் திளைத்த பக்தாத் அரண்மனை, தன் காலத்துப் புதுமைகளை விடுத்து, ஊர் இழந்த ஒருவரின் ஏக்கத்தை முன்வரிசையில் வைத்தது எண்ணத்தக்கது.

பின்னர் ஆட்சிக்கு வந்த கலீஃபா அல்-வாஸிக் (ஹிஜ்ரி 227–232, கி.பி. 842–847) தாமே இசையமைக்க வல்லவர். அத்தொகுப்பை மீண்டும் ஆராய்ந்து, தகுதி குன்றியவற்றை நீக்கி மேலானவற்றைச் சேர்க்கும்படி இப்ராஹீமின் மைந்தர் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலீயைப் பணித்தார். இந்த இஸ்ஹாக் வெறும் பாடகர் அல்லர். ஸுஃப்யான் இப்னு உயைனா போன்ற பெரியோரிடம் ஹதீஸ் கேட்டவர். மொழியிலும் கவிதையிலும் ஆழ்ந்தவர். பாடகர் என்னும் பெயர் மட்டும் பரவியிராவிடின் இவரைக் காழியாக நியமித்திருப்பேன் என்று கலீஃபா அல்-மஃமூன் கூறியதாக அறிவிப்பு உண்டு.

இஸ்ஹாக் மறைந்த பின் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. அவர் பெயரால் பாடல் நூல் ஒன்று கடைத்தெருவில் உலவியது. அவருடைய மகன் ஹம்மாத், 'என் தந்தை இதை இயற்றவில்லை. முகப்புப் பகுதி நீங்கலாக ஏனையவை புத்தகம் படியெடுப்போன் ஒருவனின் கைவேலை' என்னும் கருத்துப்பட மறுத்துரைத்தார். ஹதீஸ்களில் இட்டுக்கட்டியவை புகுந்தது போலவே பாடல்களிலும் புகுந்துவிட்டன! மெய்யான நூல் வேண்டும் என்று தலைவர் ஒருவர் கேட்டுக்கொண்டதே தம்மை எழுதத் தூண்டியது என்கிறார் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீ (ஹிஜ்ரி 284–356, கி.பி. 897–967).

அவர் கையாண்ட முறை நமக்கு மிகவும் பழக்கமானது. 'இன்னார் எமக்கு அறிவித்தார். அவருக்கு இன்னார் அறிவித்தார்' என ஸனதை நிறுத்துகிறார். பாடலின் ஈரடியோ நாலடியோ தருகிறார். அதன் கவிஞர் யார், இசையமைத்தவர் யார், தாளம் யாது, ஊது என்னும் நரம்புக் கருவியில் எவ்விரலின் வழியே அது செல்லும் என்று குறிக்கிறார். அதன்பின் கவிஞரின் வாழ்வையும் பாடல் பிறந்த சூழலையும் விரிக்கிறார். நூறு பாடல்களின் பட்டியலாகத் தொடங்கியது இவ்வாறு அரபுக் கவிதையின் பெருங்களஞ்சியமாக வளர்ந்தது. இப்னு கல்தூன் இதனை அரபியரின் பதிவேடு எனப் போற்றினார். ஆயினும் நூலாசிரியர் மீது குறை கூறியோரும் உளர். இப்னுல் ஜவ்ஸீ அவருடைய அறிவிப்புகளை நம்பத்தகாதவை என ஒதுக்கினார்; தஹபீயோ அவர் உண்மையாளராகவே தோன்றுகிறார் என்றார்.

பழம் பாடலை இருந்தவாறே பாடுவதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா என்னும் வழக்கும் இந்நூலில் பதிவாகியுள்ளது. ஹாரூனின் மாற்றாந்தாய்ச் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ இனிய குரல் படைத்தவர்; சில காலம் பக்தாதில் கலீஃபாவாக அறிவிக்கப்பட்டவர். கடினமான இடங்களைக் குறைத்தும் மாற்றியும் பாடிய அவர், அரச குலத்தவராகிய தாம் விரும்பியவாறு பாடலாம் என வாதிட்டார். இஸ்ஹாக் அதனை ஏற்கவில்லை. முன்னோரிடம் கேட்டதைக் கேட்டவாறே ஒப்படைப்பது அமானிதம் என்பது அவர் நிலை. அபுல் ஃபரஜ் இஸ்ஹாக்கின் பக்கமே நிற்கிறார். ஒவ்வொருவரும் சிறிது மாற்றிப் பாடினால், சில தலைமுறைக்குள் பழைய இசையில் எதுவும் எஞ்சாது என வருந்துகிறார்.

அவ்வச்சம் மெய்யாயிற்று. ஆனால் காரணம் மாற்றியோர் மட்டுமல்லர். விரலின் பெயரும் தாளத்தின் பெயரும் அவ்விசையை ஏற்கெனவே காதால் கேட்டவருக்கே போதுமானவை. கேட்டவர் மறைந்ததும் குறிப்புகள் ஏட்டில் தங்கின, பாட்டு போய்விட்டது. மத்ன் உண்டு, ஸனது உண்டு. மஃபதின் இசையை மீட்டுத் தருவார் இன்று எவரும் இலர்.

இந்நூலைக் கெய்ரோவின் பூலாக் அச்சகம் 1868இல் இருபது பாகங்களாக வெளியிட்டது. அந்நகரின் தாருல் குதுப் நூலகம் 1927இல் புதிய பதிப்பைத் தொடங்கியது. அதே கெய்ரோவில் 1932ஆம் ஆண்டு மன்னர் முதலாம் ஃபுஆதின் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியது. இராக், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா முதலிய நாடுகளின் குழுக்கள் வந்து பாடின. இராக்கிலிருந்து முஹம்மது அல்-குப்பான்ஜீ வந்திருந்தார். ராபர்ட் லாக்மன் பதிவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக்கும் அதில் இருந்தார். பாடியவை இசைத்தட்டுகளில் பதிவாயின. பாரிஸில் காக்கப்பட்ட அத்தட்டுகள் 2015இல் பதினெட்டுக் குறுந்தகடுகளாக மீண்டும் வெளிவந்தன. அபுல் ஃபரஜால் காக்க முடியாத ஓசை இங்கே காக்கப்பட்டது.

அதனால் தொகுப்பாளரின் கடமை தீர்ந்துவிட்டது என்று நாம் கொள்ளலாகாது. ஓசை மட்டும் இருந்து, பாடியவர் பெயரும் பாடலின் வரலாறும் இல்லாது போனால் அதுவும் ஓர் அநாதைச் செல்வமே. இன்று பழம் பாடல்கள் மேளம் கூட்டியும் வேகம் மாற்றியும் தொகுப்புகளில் மறுபடி வருகின்றன. மாற்றுவோர் இப்னுல் மஹ்தீயின் காலத்திலும் இருந்தனர். அவர்களைத் தடுக்க எவராலும் இயலவில்லை. ஆனால் முதலில் பாடியவர் யார், அவர் யாரிடம் கற்றார், மாற்றப்பட்டது எவ்விடம் என்னும் மூன்றையும் எழுதி வைப்பது இயலும். குறைகூறப்பட்ட அந்த அல்-இஸ்ஃபஹானீ ஒவ்வொரு பாடலுக்கும் அதையே செய்தார். அதனாலேயே மஃபதின் இசை மறைந்த பின்னும் மஃபத் என்றொருவர் மதீனாவில் பாடினார் என்பதை நாம் அறிகிறோம்.